பதினொரு வீட்டுத் தனி நாடு

எங்கள் வீட்டு கேட்டில் நாற்பத்தேழு என்று எழுதியிருக்கிறது. அதில் நாலு புதுசு, ஏழு பழசு. நாலு பளிச்சென்று இருக்கிறது, ஏழு வெயிலில் காய்ந்து வெளிறிவிட்டது. வருகிறவர்கள் பெயின்ட் அடித்தவனின் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. போன வருடம் நாலு மாதம் நாங்கள் தனி நாடாக இருந்தோம், அப்போது அழித்த நாலு அது என்று ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும்.

அரசாங்கத்துக்குச் சட்டம் எழுதித் தருகிற அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். மேலே இருப்பவர்கள் 'இப்படி ஒன்று வேணும்' என்பார்கள். அதைக் கமா பிசகாமல், பிரிவு, உட்பிரிவு என்று பிரித்து எழுதிக் கொடுப்பது எங்கள் பாடு. மற்றவர்கள் மத்தியான இடைவேளையில் தூங்குவார்கள், நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு புத்தகம் புரட்டுவேன். ஒன்றியத்தில் இருக்கிற ஒரு மாநிலம், 'போதும், நான் கிளம்புகிறேன்' என்று சட்டப்படி போக முடியுமா?

இந்தக் கேள்வி எனக்கு வீட்டிலேயே கிடைத்தது. அப்பாவுக்கு நாஞ்சில் நாடு. மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு போயிற்று. அப்பா வேலையை விட மனமில்லாமல் மலையாளத்துப் பக்கமே, இந்தக் கரமனையிலேயே தங்கிவிட்டார். நாகர்கோவிலில் இருந்த அத்தை ராத்திரி படுத்து எழுந்தபோது வேறு மாநிலத்துக்காரி ஆகியிருந்தாள். அதில் அப்பாவுக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. "அறைதான் மாறியிருக்கு, கூரை ஒண்ணுதான்" என்பார். கூரையை விட்டே போக முடியுமா என்று சின்ன வயதில் நான் கேட்டதற்கு, "போய் மழையில நிக்கவா?" என்று கேட்டார்.

பிறகு படித்ததில், அப்பா சொன்னதைத்தான் சட்டமும் சொன்னது. நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் ஒன்றியம் என்ற சொல்லை முதல் உறுப்பிலேயே யோசித்துத்தான் போட்டார்கள். மாநிலங்கள் கூடி உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு உண்டாக்கியதல்ல இது, ஆகவே ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகவும் எவருக்கும் உரிமையில்லை என்பது அவர்கள் எண்ணம். மாநிலத்தின் எல்லையை மாற்றலாம், பெயரை மாற்றலாம், ஒன்றை இரண்டாக்கலாம். வாசல் வழியாக வெளியே போக மட்டும் வழி வைக்கவில்லை. இன்னொரு தேசத்தில் அந்த உரிமையை அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள், வாய் திறந்து கேட்கத்தான் ரொம்ப காலம் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. வேறொரு நாட்டு நீதிமன்றம் நடுவாக ஒன்று சொன்னது: தன்னிச்சையாகப் போக உரிமை இல்லை, ஆனால் போக விரும்புகிறோம் என்று ஒரு பகுதி மக்கள் தெளிவாகச் சொன்னால், மற்றவர்கள் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். நான் அந்தத் தீர்ப்பை இரண்டு முறை படித்துவிட்டு, 'பேசி என்ன ஆகப்போகிறது' என்று மூடி வைத்தேன்.

எங்கள் ஊருக்கும் இது புதுசல்ல. வெள்ளைக்காரன் கிளம்பும் சமயத்தில் எங்கள் ஊரை ஆண்ட சமஸ்தானம் தனி நாடாக நிற்கப்போவதாக அறிவித்துவிட்டு, சில வாரங்களில் மனசு மாறிக் கையெழுத்துப் போட்டது. பழகின வியாதி என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் சந்து கரமனை ஆற்றை ஒட்டிப் பள்ளத்தில் இருக்கிறது. பதினொரு வீடு, பெரும்பாலும் தமிழர்கள். மேட்டில் இருக்கிற மேல் தெருவில் நாற்பது வீடு, பெரும்பாலும் மலையாளிகள். இந்த ஊரில் நாலு வீடு சேர்ந்தால் அங்கே ஒரு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் முளைத்துவிடும். அதற்கு ஒரு தலைவர், ஒரு செக்ரட்டரி, ஓணத்துக்கு ஒரு மைக் செட், ஒவ்வொரு கேட்டிலும் ஒரு அசோசியேஷன் எண். தபால்காரர் முதல் காஸ் கொண்டு வருகிறவர் வரை அந்த எண்ணை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடிப்பார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் எங்கள் சந்து மேல் தெரு அசோசியேஷனில் இணைந்தது. ஒன்று முதல் நாற்பது வரை அவர்கள், நாற்பத்தொன்று முதல் ஐம்பத்தொன்று வரை நாங்கள். புது பைலாவை, அதாவது சங்க விதிகளை, எழுதிக் கொடுத்தது நான்தான். எப்படிச் சேர்வது என்று எழுதினேன். ஒழுங்காக நடக்காதவரை எப்படிக் கண்டிப்பது என்று எழுதினேன். எப்படி விலகுவது என்று வேண்டுமென்றே எழுதவில்லை. அரசியல் சட்டத்தில் இல்லாதது அசோசியேஷனுக்கு எதற்கு என்று எனக்கு ஒரு கர்வம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது பேனாவால்.

போன வருடம் ஜூனில் தொடங்குகிற இடவப்பாதி மழையில் மேல் தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் சந்தில் இறங்கியது. அவர்களுடைய மழைநீர் ஓடை எங்கள் சந்தின் முனையில் வந்து முடிகிறது, அதற்குமேல் ஆற்றுக்குப் போக வழியில்லை. என் பூஜை அறையில் கணுக்கால் தண்ணீர். கமிட்டிக் கூட்டத்தில் நான் எழுந்து, ஓடையை ஆறு வரைக்கும் கொண்டுபோக மாநகராட்சிக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்றேன். மேல் தெருக்காரர் ஒருவர், "தண்ணீர் பள்ளத்துக்குத்தானே போகும், அதுக்கு யார் எந்து செய்யும்?" என்று சிரித்தார். நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். செக்ரட்டரி சிரிக்கவில்லை, ஆனால் அதட்டவும் இல்லை. அவர் விழிஞ்ஞத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாத மனுஷன். அன்றைக்கு அந்த அமைதியில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எதிர்வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கம். ஆரியசாலையில் பெயின்ட் மொத்த வியாபாரம். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

"அக்கா, நாம தனியாப் போயிருவோம். நீங்க எழுதிக் குடுங்க, மீதிய நான் பாத்துக்கிடுதேன்."

முப்பது வருடம் 'முடியாது' என்று நிரூபித்த நான், ஒரே உட்காரலில் 'முடியும்' என்று மூன்று பக்கம் எழுதினேன். எங்கள் சந்து முன்பு தனியாக இருந்தது, தன் விருப்பத்தால் இணைந்தது, இணைந்த கைக்குப் பிரியவும் உரிமை உண்டு, விதி மௌனமாக இருக்கும் இடத்தில் சுதந்திரம் பேசும். இதே வாதத்தோடு எந்த மாநிலமாவது என் மேஜைக்கு வந்திருந்தால் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். எழுதும்போது அது தெரிந்தும் இருந்தது. ஆனால் கோபத்தில் எழுதுகிற வாக்கியத்துக்கு ஒரு ருசி இருக்கிறது, விட முடியவில்லை.

கணவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் நுரையீரல் நோயாளி, மழைக்காலம் வந்தால் மூச்சு வாங்கும். கேட்டு முடித்து, "நல்லா எழுதியிருக்கே" என்றார்.

"கையெழுத்து?"

"வீடு உன் பேர்லதானே. நீ போடு. நான் ஆத்தங்கரைப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாறேன்."

பதினொரு வீட்டுக் கையெழுத்தோடு கடிதம் செக்ரட்டரி கைக்குப் போயிற்று. ஒரு வாரம், இரண்டு வாரம், பதிலே இல்லை. "பயந்துட்டாரு" என்றார் பெயின்ட் கடைக்காரர். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒருமுறை பால் பூத்தில் செக்ரட்டரி எதிரே வந்து, "மேடமே, ஒரு ஓடைக்கு வேண்டி இதெல்லாம் வேணுமோ? நமக்கு இருந்து பேசலாமில்லே?" என்றார். "கடிதத்துக்குக் கடிதமாப் பதில் தாங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பால் பாக்கெட்டோடு நடந்தேன். எவ்வளவு திமிர்!

ஓணத்துக்கு முன்னால் எண்களை மாற்றினோம். தனி நாட்டுக்குத் தனி எண் வேண்டாமா? பெயின்ட் கடைக்காரர் கணக்காகத்தான் யோசித்திருந்தார். நாற்பத்தொன்று முதல் நாற்பத்தொன்பது வரை முன்னால் இருக்கிற நாலை மட்டும் அழித்தால் ஒன்று முதல் ஒன்பது வந்துவிடும். கடைசி இரண்டு வீட்டுக்குத்தான் புதிதாக எழுத வேண்டும். அரை டப்பா பெயின்டில் சுதந்திரம் கிடைத்துவிட்டது. மேல் தெருவிலும் ஒன்று முதல் ஒன்பது வரை வீடுகள் இருக்கின்றனவே என்பது பதினொரு வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சட்டம் எழுதிய எனக்கும் தோன்றவில்லை.

தனி ஓணமும் கொண்டாடினோம். பூக்களம் போட்டோம், பாயசம் வைத்தோம். வடம் இழுக்கும் போட்டிக்கு ஆள் கூப்பிட்டால் முழங்கால் வலி இல்லாதவர்கள் மூன்று பேர்தான் தேறினார்கள். எதிர்ப்பக்கம் யார் நிற்பது? கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, மேல் தெரு மைக்கில் வருகிற சிரிப்பைக் கேட்டுக்கொண்டே பாயசம் குடித்தோம். நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

ஐப்பசியில் துலாவர்ஷம் பிடித்தது. இந்த ஊரில் அந்த மழை மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும். அன்று மூன்று மணிக்கு வானம் கறுத்து, நாலு மணிக்குள் சந்தில் முழங்கால் தண்ணீர். கரண்ட் போயிற்று. கணவர் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் திணறினார். மருந்தை ஆவியாகக் கொடுக்கிற மெஷின் கரண்ட் இல்லாமல் சும்மா கிடந்தது. உதடு நீலம் பாரிப்பதை முதல் முறையாகப் பார்த்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து இடத்தைச் சொல்லி, "ஏழாம் நம்பர் வீடு" என்றேன். போனில் சார்ஜ் அத்தோடு தீர்ந்தது.

காத்திருந்தேன். சைரன் சத்தம் கேட்டது. நெருங்கி வந்தது, அப்புறம் நெருங்கவில்லை. ஒரே இடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது. மேல் தெருவில்.

வாசலுக்கு ஓடினேன். எதிர்வீட்டுக்காரர் கடையில் இருந்தார், அவர் மனைவி ஜன்னலில் நின்று, "அங்கன போயிட்டே அக்கா! அந்த ஏழுக்குப் போயிட்டு!" என்று அலறினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போட்ட எண்ணுக்குத்தான் வண்டி போயிருக்கிறது, வேறொரு ஏழாம் வீட்டு வாசலில். கணவரைத் தனியே விட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் மேட்டுக்கு ஏற முடியாது. ஏறாமலும் இருக்க முடியாது. அந்தச் சில நிமிடங்களில் என்னைத் திட்டிக்கொண்ட மாதிரி நான் யாரையும் திட்டியதில்லை.

பிறகு நடந்ததைச் செக்ரட்டரி சொல்லித்தான் அறிந்தேன். மேல் தெரு ஏழாம் வீட்டுக்காரர்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள், வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "அங்கே யாருமில்ல, கேட்டோ. வரணும், நாப்பத்தேழு ஆணு!" என்று டிரைவரிடம் கத்திவிட்டுக் குடையில்லாமல் முன்னால் ஓடியிருக்கிறார். நான் பார்த்தபோது சந்து முனையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரைக் காலால் கிழித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பின்னால் ஸ்ட்ரெச்சரோடு டிரைவர், அவருக்குப் பின்னால் மேல் தெரு ஆண்கள் நாலைந்து பேர். கமிட்டிக் கூட்டத்தில் பள்ளத்தைப் பற்றிச் சிரித்த ஆளும் அதில் இருந்தார். வண்டி தண்ணீருக்குள் வராது. ஸ்ட்ரெச்சரைத் திருப்ப எங்கள் வாசலில் இடம் போதவில்லை. என் கணவரைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியோடு தூக்கித் தோளுக்கு மேலே வைத்துக்கொண்டு போனார்கள். சிரித்த ஆள் நாற்காலியின் முன்னங்காலைப் பிடித்திருந்தார். நான் மாற்றுத் துணிப் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "ஏதாவது மருந்து ஒத்துக்காதா? இப்ப எந்த இன்ஹேலர்?"

முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவள், ஒரு சொல் நினைவுக்கு வரவில்லை. செக்ரட்டரி ஈரச் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த ஒரு சின்ன நோட்டை எடுத்தார். மழைக்காலத்துக்காக அசோசியேஷனில் நோயாளிகள் பட்டியல் ஒன்று உண்டு, யார் வீட்டில் என்ன நோய், என்ன மருந்து என்று. அதைப் பிரித்து நிதானமாக வாசித்தார். நாற்பத்தேழு. மூச்சுத் தடை. பென்சிலின் கூடாது. புது இன்ஹேலர், ஊதா நிறம், ஓணம் கழிந்து மாற்றியது.

டாக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, இனி பயமில்லை என்றார். நான் அங்கேயே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் செக்ரட்டரி வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

அழுது முடிந்த பிறகுதான் ஒன்று உறுத்தியது. ஓணம் கழிந்து மாற்றிய மருந்து அந்த நோட்டில் எப்படி ஏறியது? அப்போது நாங்கள் தனி நாடல்லவா?

மூன்றாம் நாள் கணவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அவரிடம் கேட்டேன்.

"சொன்னது நான்தான்" என்றார். "தினம் சாயங்காலம் செக்ரட்டரி வீட்டுலதான் சாயா."

"ஆத்தங்கரைக்கு நடக்கப் போறதா சொன்னீங்களே?"

"போற வழிதானே."

ஆற்றங்கரை கீழே, அவர் வீடு மேலே. எந்த வழியும் இல்லை.

"நாலு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நாம பிரிஞ்சிருந்தோமே!"

"நீயில்லா பிரிஞ்சே" என்றார் கஞ்சியை ஊதியபடி. "நான் எங்க பிரிஞ்சேன்?"

அன்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மனுஷன் என் மூன்று பக்கத்தைக் கேட்டுவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறாய் என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே செருப்பைப் போட்டுக்கொண்டு மேட்டுக்குச் சாயா குடிக்கப் போயிருக்கிறார். அந்தச் சாயாதான் அவர் உயிரைக் காப்பாற்றியது. இதற்கு யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது?

வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் எழுத உட்கார்ந்தேன். இந்த முறை அரைப் பக்கம்தான். பதினொரு வீடுகளையும் மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி பணிவான விண்ணப்பம். பெயின்ட் கடைக்காரர்தான் முதல் கையெழுத்துப் போட்டார். ஆம்புலன்ஸ் இடம் மாறிப் போன விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. "அக்கா, அந்த நால நான் அழிச்சிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். எழுதிக் கொடுத்தது நான்தானே என்றேன்.

செக்ரட்டரி வீட்டு வராந்தாவில் அவர் எதிரில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசித்தார். பிறகு உள்ளே போய் அசோசியேஷன் ஃபைலைக் கொண்டு வந்து திறந்தார். மேலாக என் மூன்று பக்கம். அதன் ஓரத்தில் அவர் கையெழுத்தில், கடிதம் வந்து சேர்ந்த நாளின் தேதியோடு, ஒரே வரி மலையாளத்தில்: பேச வேண்டும். அதற்குக் கீழே, ஓடையை ஆறு வரைக்கும் நீட்டக் கேட்டு அவர் கொடுத்த மனுவின் நகல். பாதிக்கப்பட்டவை என்ற இடத்தில் நாற்பத்தொன்று முதல் ஐம்பத்தொன்று வரை எங்கள் வீடுகளின் எண்கள். அதில் இருந்தது நான் அவரிடம் பால் பூத்தில் முகத்தில் அடித்தாற்போல் பேசிய வாரத்தின் தேதி.

"இது கமிட்டில வைக்கணுமா சார்?" என்று என் விண்ணப்பத்தைக் காட்டிக் கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எடுக்கான் பற்றாது மேடமே, முடியாது" என்றார். "போனவங்கதானே திரும்பி வரணும்? நம்ம பைலால போறதுக்கு விதியே இல்லையே. மேடம் எழுதினதல்லே?"

என் காகிதத்தை எனக்கே திருப்பித் தந்துவிட்டு, வீட்டுக்குள் பார்த்து இரண்டு சாயா சொன்னார்.